தொடருக்குள் தொடர்

விக்கிரமாதித்தன் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. போஜராசனுக்குப் பதுமை ஒரு கதை சொல்லும். அக்கதைக்குள் வரும் வேதாளம் விக்கிரமாதித்தனுக்கு வேறொரு கதை சொல்லும். உள்ளே உள்ள கதை முடிந்ததும் நாம் வழி தவறாமல் வெளியே உள்ள கதைக்கு வந்து சேர்கிறோம். சொல்லால் கதை கட்டியவர்களுக்கு இக்கலை எளிதில் கைவந்தது. படச்சுருளால் கதை கட்டியவர்களுக்கோ, இதற்கேற்ற கருவி வாய்க்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படங்களைத் திரையிட்டார்கள். அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடியது. கருவியை ஓரிடத்தில் நிறுத்தி எடுத்த ஒரே காட்சிதான் ஒரு படம். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் அங்கே வேலை இல்லை. ஆனால் எட்டே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1903இல் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடுத்த புகைவண்டிக் கொள்ளைப் படம் சுமார் 12 நிமிடம் ஓடியது. கொள்ளையர் தப்பி ஓடுவதைக் காட்டிய பின், கட்டுண்டு கிடக்கும் தந்தி அலுவலரிடம் அது திரும்பி வந்தது. இவ்வாறு துண்டுகளை ஒட்டிக் கதை சொல்லும் கலை வளர்ந்தது. அதுவே படத்தொகுப்பு.

இக்கலையில் மிகப் பெரிய துணிச்சலைக் காட்டியவர் டி. டபிள்யூ. கிரிஃபித். 1916இல் வெளிவந்த ‘இன்டாலரன்ஸ்’ என்ற அவருடைய படத்தில் நான்கு கதைகள் உண்டு. பாபிலோன் நகரத்தின் வீழ்ச்சி ஒன்று. இயேசுநாதரின் பாடுகள் மற்றொன்று. 1572இல் பிரான்சில் நடந்த படுகொலை மூன்றாவது. அக்கால அமெரிக்காவில் ஓர் ஏழைத் தொழிலாளிக்கு நேர்ந்த இன்னல் நான்காவது. நான்கையும் வரிசையாகச் சொல்லாமல், கூந்தலைப் பின்னுவது போல ஒன்றோடொன்று பின்னினார் அவர். ஒரு தாய் தொட்டிலை ஆட்டும் காட்சி மீண்டும் மீண்டும் வந்து அவற்றை இணைக்கும்.

படம் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. ஆகவே 1919இல் கிரிஃபித் பாபிலோன் கதையையும் அமெரிக்கக் கதையையும் தனித்தனிப் படங்களாக வெளியிட்டார். அதற்கு அவர் செய்தது என்ன? மூல நெகடிவையே வெட்டினார். பகுதிகளைப் பிரித்தெடுக்க முழுமையைச் சிதைக்க வேண்டியதாயிற்று. 1916இல் மக்கள் பார்த்த அதே வடிவத்தைப் பின்னர் எவராலும் முழுமையாக மீட்க முடியவில்லை. காப்புரிமைக்காக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்த சிறு படச்சட்டங்களைத் துணையாகக் கொண்டு, பல்லாண்டுகளுக்குப் பின் அறிஞர்கள் அப்படத்தின் வரிசையை ஓரளவு அமைத்துக் காட்டினார்கள்.

கிரிஃபித்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. படச்சுருள் ஒரு பருப்பொருள். ஒரு பருப்பொருள் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது. தொட்டில் காட்சி பத்து இடங்களில் வரவேண்டுமானால் பத்துத் துண்டுகள் வேண்டும். 1924இல் ஐவான் செரூரியர் அமைத்த மூவியோலா என்னும் கருவி, சுருளை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வெட்டுமிடத்தைத் தேர உதவியது. எனினும் கத்தரியும் பசையும் அகலவில்லை. 1,000 அடி நீளமுள்ள ஒரு சுருள், பேசும்படத்தின் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். தொகுப்பாளருக்குக் கிடைத்த ஒரே பெட்டி அந்தச் சுருள்தான்.

1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் காந்த நாடாவில் படத்தைப் பதியும் கருவியை வெளியிட்டது. கண்ணுக்குப் படம் தெரியாத அந்த நாடாவை முதலில் சவரக்கத்தியால் வெட்டி ஒட்டினார்கள். பின்னர் ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுத்துத் தொகுத்தார்கள். அதிலும் ஒரு தொல்லை இருந்தது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஐந்து நொடி கூட்டவேண்டுமானால், அதன் பின்னே உள்ள அனைத்தையும் மறுபடி பதிய வேண்டும். படிக்குப் படி எடுக்க எடுக்க உருவமும் மங்கும்.

இந்தக் கட்டை அவிழ்த்தது கணிப்பொறி. 1971இல் சிஎம்எக்ஸ் 600 என்னும் கருவி, கறுப்பு வெள்ளைப் படங்களை வட்டுகளில் வைத்து, வேண்டிய இடத்துக்கு உடனே தாவும் வழியைக் காட்டியது. 1989இல் ஆவிட் நிறுவனத்தின் கருவி வந்தது. அதில் தொகுக்கப்பட்ட ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்துக்காக வால்டர் மர்ச் 1997இல் ஆஸ்கார் பரிசு பெற்றார். கணிப்பொறியில் தொகுத்த படம் ஒன்று தொகுப்புக்காக அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை.

இங்கே நிகழ்ந்த மாறுதலை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். கணிப்பொறியில் தொகுப்பவர் எதையும் வெட்டுவதில்லை. ‘இந்தக் காட்சியை இந்த நொடியிலிருந்து இந்த நொடி வரை காட்டு’ என்று கட்டளை எழுதுகிறார். அக்கட்டளைகளின் வரிசைக்கே சீக்வென்ஸ், அதாவது தொடர், என்று பெயர். மூலப் படம் தீண்டப்படாமல் இருக்கிறது. தொடர் வெறும் கட்டளையானால், ஒரு தொடரை மற்றொரு தொடருக்குள் ஒரே துண்டு போல வைக்கலாம் அன்றோ? அதுவே நெஸ்டட் சீக்வென்ஸ். கூட்டுக்குள் கூடு என்று நாம் சொல்லலாம். 2003இல் வந்த பிரிமியர் புரோ இவ்வசதியை அளித்தது. 2011இல் வந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ் இத்தகைய ஒன்றைக் காம்பவுண்டு கிளிப் என்று வழங்கிற்று.

இதன் பயனை நானே அனுபவித்திருக்கிறேன். மாணவர்களுக்காக ஊர் வரலாற்றுப் பாடப் படங்கள் பன்னிரண்டு தொகுத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே முகப்பு. அதை ஒரு தனித் தொடராக்கிப் பன்னிரண்டிலும் வைத்தேன். வேலை முடிந்தபின் முகப்பில் ஓர் எழுத்துப்பிழை தென்பட்டது. உள்தொடரைத் திறந்து ஓரிடத்தில் திருத்தினேன். பன்னிரண்டு பாடங்களிலும் பிழை நீங்கியது. நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அந்த மகிழ்ச்சியே என்னை ஏமாற்றியது. முகப்பு சற்று நீண்டிருப்பதாக எண்ணி, அதே முறையில் உள்ளே இரண்டு நொடியைக் குறைத்தேன். வெளியே சென்று பார்க்கவில்லை. நான் பயன்படுத்திய மென்பொருளில், உள்தொடர் குறுகினாலும் வெளியே அதற்கு ஒதுக்கிய இடம் குறுகுவதில்லை. எஞ்சிய இடம் இருளாகவும் ஒலியின்றியும் ஓடும். அரங்கில் பாடம் திரையிடப்பட்டபோது முகப்பு முடிந்ததும் திரை இருண்டது. “ஐயா, மின்சாரம் நின்றுவிட்டதோ?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் பன்னிரண்டு படங்களிலும் அதே இருள் இருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும். ஒரு திருத்தம் எவ்வளவு விரைவாகப் பரவியதோ, அவ்வளவு விரைவாக ஒரு பிழையும் பரவியிருந்தது. உள்ளே ஒன்றைத் தொட்டால் வெளியே ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

கிரிஃபித்துக்கு இக்கருவி கிடைத்திருந்தால், நான்கு கதைகளையும் நான்கு தொடர்களாக வைத்திருப்பார். இரண்டைத் தனியே வெளியிட்டாலும் பெரும்படம் பழுதின்றி இருந்திருக்கும். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அவருடைய சுருள் வெட்டுண்ட பின்னும் கையில் பிடிக்கத்தக்க பொருளாக இருந்தது. நம் தொடரோ கட்டளை மட்டுமே. மூலப் படக்கோப்புகள் அழிந்தால், அடுக்கடுக்காக நாம் கட்டிய கூடுகள் அனைத்தும் வெறுங்கூடுகளாகிவிடும்.

கல்லூரி விழாவையோ ஊர்த் திருவிழாவையோ படம்பிடித்துத் தொகுக்கும் இளைஞர்கள் இன்று பலர். அவர்களுக்கு என் வேண்டுகோள் இது: தொகுத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். இரண்டு இடங்களில் படியெடுத்துக் காப்பாற்றுங்கள். நாளை உங்கள் ஊரின் வரலாற்றை எழுத வருபவர் அதைத் தேடி வருவார்.