நாடாப் பை: இங்கிலாந்துப் பெண்கள் இடுப்பில் கட்டிய துணிப்பையின் வரலாறு

நாடாப் பை என்பது 17-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இங்கிலாந்துப் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொண்ட துணிப்பை ஆகும். ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் அமெரிக்காவிலும் இது வழக்கில் இருந்தது. ஆண்களின் மேற்சட்டையிலும் காற்சட்டையிலும் பை சேர்த்தே தைக்கப்பட்டது. பெண்களின் உடையிலோ பெரும்பாலும் அவ்வாறு தைக்கப்படவில்லை. ஆகவே பெண்கள் பையைத் தனியாகத் தைத்து, நாடாவில் சேர்த்து, மேற்பாவாடைக்கு அடியில் கட்டிக்கொண்டனர். பாவாடையின் பக்கவாட்டில் விட்டிருந்த திறப்பின் வழியே கையை நுழைத்துப் பொருளை எடுத்தனர்.

நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொண்ட சுருக்குப்பையைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. சுருக்குப்பை செருகப்படுவது, நாடாப் பை கட்டப்படுவது. கட்டுகிற நாடா வலுவாக இருந்தால்தான் பை பயன்படும்.

அமைப்பு

பை பேரிக்காய் வடிவில், மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும். பல பைகள் ஓர் அடிக்கு மேல் நீளமுடையவை. முன்துணியின் நடுவே, மேலிருந்து பாதி வரை நேராக வெட்டி வாய் அமைப்பார்கள். வெட்டிய ஓரம் பிரிந்துவிடாமல் இருக்கப் பட்டி வைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு பைகள் ஒரே நாடாவில் தொங்கும்.

துணி லினனாகவோ பருத்தியாகவோ இருக்கும். சில பைகள் குயில்ட்டிங் முறையில் தைக்கப்பட்டன. மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே மெல்லிய பஞ்சடுக்கு வைத்து, மூன்றும் நகராதபடி குறுக்கும் நெடுக்கும் தையலிடுவதே அம்முறை. இதனால் சாவியும் கத்தரிக்கோலும் உராய்ந்தாலும் பை எளிதில் கிழியாது. பழைய மெத்தைவிரிப்பு நைந்துபோனால், நல்ல பகுதியை மட்டும் வெட்டிப் பை தைப்பதும் உண்டு. வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த பைகளும் கிடைத்துள்ளன.

நாடாவைத் தைத்த முறை

துணிப்பை தைத்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: பை முதலில் கிழிவது அடியில் அன்று, கைப்பிடி சேரும் இடத்தில்தான். பாரம் முழுவதும் அந்த இரண்டு புள்ளிகளில் விழுவதே காரணம்.

நாடாப் பையில் இச்சிக்கலுக்கு நல்ல தீர்வு இருந்தது. நாடாவைத் துண்டுகளாக வெட்டி இரு மூலைகளிலும் ஒட்டவைக்கவில்லை. நீளமான ஒரே நாடாவை இரண்டாக மடித்து, பையின் மேல்விளிம்பை அந்த மடிப்புக்குள் செருகி, விளிம்பின் முழு அகலத்திற்கும் தைத்தனர். மீந்த நாடா இருபுறமும் நீண்டு, இடுப்பைச் சுற்றி முடிச்சிடப் பயன்பட்டது. இதனால் பாரம் இரு புள்ளிகளில் நில்லாமல் மேல்விளிம்பு முழுவதும் பரவியது. விளிம்புப் பட்டியும் கட்டும் நாடாவும் ஒன்றாகவே அமைந்தன. நெய்த நாடா கடைகளில் கிடைத்தது. சிறு நாடாத் தறியில் வீட்டிலேயே நெய்துகொண்டவர்களும் உண்டு.

இன்று வீட்டில் குயில்ட்டிங் பை தைப்பவர்கள் கைப்பிடியின் நுனியை உள்ளே ஆழமாக இறக்கி, சதுரமும் அதன் நடுவே குறுக்குக்கோடுகளுமாகத் தைப்பதும் இதே நோக்கத்திற்காகத்தான்.

சோழமண்டலக் கரையின் தொடர்பு

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெரும் வரவேற்பைப் பெற்றது இந்தியச் சீட்டித் துணி. மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை சோழமண்டலக் கரையில் இது தீட்டப்பட்டது. படிகாரத்தால் கோலமிட்டு, சாயவேரில் காய்ச்சி எடுத்த சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்கு அந்த நுட்பம் அப்போது கைவரவில்லை. 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் பெற்றதற்குத் துணி வணிகமே முதன்மையான காரணம். 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய சின்னத் தறிப்பேட்டையே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

இத்துணியால் தங்கள் தொழில் கெடுகிறது என்று இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தனர். 1719-இல் லண்டன் தெருக்களில் சீட்டி உடுத்திய பெண்களின் உடைகள் கிழிக்கப்பட்டன. தீட்டிய, அச்சிட்ட இந்தியத் துணிகளின் இறக்குமதியை 1700-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அச்சிட்ட பருத்தித் துணிகளை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும், சில விலக்குகளுடன், 1721-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1774-இல் உள்நாட்டில் நெய்து அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தடை நீங்கியது. அதன்பின் பெருகிய ஆங்கில அச்சுத் துணிகளின் பூக்களும் கொடிகளும் பெரும்பாலும் இந்தியச் சீட்டியைப் பார்த்துப் போட்டவை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஒட்டுத்துணிப் பைகளில் இத்தகைய அச்சுத் துண்டுகளைக் காணலாம்.

பைக்குள் இருந்தவை

சாவிக்கொத்து, காசு, கடிதம், ஊசிக்கூடு, கத்தரிக்கோல், விரலுறை, மூக்குப்பொடி டப்பி, சில நேரங்களில் தின்பண்டம் எனப் பலவும் பைக்குள் இருந்தன. அக்காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்குத் தனியறை அரிது. பலர் படுக்கையைக்கூடப் பிறரோடு பகிர்ந்துகொண்டனர். பிறர் கை படாமல் ஒரு பொருளை வைத்திருக்க அவர்களுக்கு இருந்த இடம் இந்தப் பைதான். இரவில் பையைத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்கியதாக நீதிமன்றச் சாட்சியங்களில் பல பெண்கள் கூறியுள்ளனர். பலர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பையில் நூலால் பொறித்தனர்.

திருட்டும் சட்டமும்

மடியில் முடிந்த பணத்தைத் திருடுபவனுக்கு முடிச்சவிழ்க்கி, முடிச்சுமாறி என்று தமிழில் பெயருண்டு. லண்டன் திருடர்கள் முடிச்சை அவிழ்க்கவில்லை, நாடாவையே அறுத்தனர். நாடா அறுந்தால் பையே கையோடு போய்விடும். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான வழக்குப் பதிவுகளில் பை திருட்டு வழக்குகள் பல உள்ளன. சாதாரணப் பெண்கள் என்ன வைத்திருந்தார்கள் என்பதை வரலாற்றாய்வாளர்கள் அறிய இப்பதிவுகள் பெரிதும் உதவுகின்றன.

அவ்வழக்குகளில் ஒரு முரண் உண்டு. அக்கால ஆங்கிலப் பொதுச் சட்டப்படி, மணமான பெண்ணின் அசையும் பொருள்கள் அனைத்தும் கணவனுக்கே உரியவை. எனவே அவள் தானே தைத்து, பெயரெழுத்துப் பொறித்து, தன் இடுப்பில் கட்டியிருந்த பை திருடுபோனாலும், குற்றச்சாட்டில் உடைமையாளராக எழுதப்பட்டது கணவன் பெயர்தான். 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டங்களே இந்நிலையை மாற்றின. இவற்றுள் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமையை அளித்தது.

மறைவு

1790-களில் மார்புக்குக் கீழே இறுக்கி, மெல்லிய மஸ்லினில் நேராகத் தொங்கும் கவுன் நாகரிகமானது. அதற்கடியில் பை கட்டினால் புடைத்துத் தெரிந்தது. வசதியான பெண்கள் ரெட்டிக்யூல் என்ற சிறு கைப்பைக்கு மாறினர். அத்துடன் நாடாப் பை ஒழிந்துவிடவில்லை. 1838-இல் லண்டனில் வெளியான ‘தி வொர்க்வுமன்ஸ் கைடு’ என்ற தையல் நூல் நாடாப் பை தைக்கும் முறையையும் கற்பித்தது. உழைக்கும் பெண்களும் முதியவர்களும் அந்நூற்றாண்டின் இறுதி வரை இதைக் கட்டிக்கொண்டனர். உடையோடு தைத்த பையும் தோல் கைப்பையும் பரவிய பின்னரே இது மறைந்தது.

அருங்காட்சியகங்களில் உள்ள நாடாப் பைகளில் தேய்ந்த விளிம்புகளையும் ஒட்டுப்போட்ட இடங்களையும் இன்றும் பார்க்கலாம். தைத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. தம் உடைமை எனச் சட்டம் ஒப்புக்கொள்ளாத பொருளையும் அவர்கள் பழுதுபார்த்துப் பேணினார்கள் என்பதற்கு அந்தத் தையல்களே சான்று.