மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஒயில்? கானின் பின்பக்கத்தைப் படியுங்கள்

செய்தி சேகரிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் நண்பனும் அவனது கமரா பையும். ஆனையிறவு தாண்டியதும் எனது பல்சர் 150 குழப்படி செய்யத் தொடங்கியது. முறுக்க முறுக்க எஞ்சின் இரைந்ததே தவிர வேகம் கூடவில்லை.

கிளிநொச்சியில் கராஜ் அண்ணை கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கடைசியா என்ன ஒயில் விட்டனீங்கள்?"

உறவினர் ஒருவரின் காருக்கு வாங்கி மிஞ்சிய ஒயில். விலை கூடிய, முழு சிந்தெற்றிக் ஒயில். காருக்கே விடுவதென்றால் மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன்.

"ஒயில் நல்லதுதான். ஆனா அது காருக்கு," என்றார். அன்று ஒயிலோடு கிளட்ச் பிளேட்டுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. பிழை முழுக்க என்னுடையது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பேணியே பலரும் காலத்தை ஓட்டினோம். 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும் புதியது வாங்குவது எல்லோருக்கும் இயலாத காரியம். ஆகவே இருக்கும் எஞ்சினைக் காப்பாற்றுவது முக்கியம்.

காரும் மோட்டார் சைக்கிளும் ஒன்றல்ல

காரில் எஞ்சினுக்கு ஒரு ஒயில், கியர் பெட்டிக்கு வேறு ஒயில். கியர் உள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் இயங்குகின்றன. எரிபொருளை மிச்சப்படுத்த, உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் பல கார் ஒயில்களில் கலக்கப்படுகின்றன. கிளட்ச் பிளேட்டுகளோ உராய்வினால்தான் ஒன்றையொன்று பிடிக்கின்றன. உராய்வு குறைந்தால் அவை வழுக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

மூன்று குறியீடுகள்

முதலாவது ஜாசோ. இது ஜப்பானியத் தரக் குறியீடு. கியரும் ஒயிலில் நனையும் கிளட்சும் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு எம்ஏ அல்லது எம்ஏ2 வேண்டும். எம்பி என்பது உராய்வு குறைந்த ஒயில். டியோ போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. அவற்றின் கிளட்ச் எஞ்சின் ஒயிலில் நனைவதில்லை.

இரண்டாவது தடிப்பு. 20டபிள்யூ-50 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, குளிர்ந்த எஞ்சினில் ஒயில் இலகுவாக ஓடும். பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸ் சூட்டில் உள்ள தடிப்பைக் குறிக்கும். எங்கள் வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்பது பரவலான எண்ணம். ஆனால் எஞ்சினுக்குள் உள்ள இடைவெளிகளைப் பார்த்தே தயாரிப்பாளர் தடிப்பைத் தீர்மானிக்கிறார். பல்சர் 150 இற்கு 20டபிள்யூ-50, ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30. ஒரே நிறுவனத்தின் மொடல்களுக்குள்ளும் இது மாறலாம் என்பதால் உங்கள் கைநூலைப் பாருங்கள். புகை தள்ளும் பழைய எஞ்சினுக்குத் தடித்த ஒயில் விட்டால் புகை கொஞ்சம் குறையலாம், தேய்மானம் சரியாகிவிடாது.

மூன்றாவது ஏபிஐ. எஸ் என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கு. எஸ்எல் 2001 இல் வந்தது, எஸ்என் 2010 இல். கைநூலில் எஸ்எல் என்றிருந்தால் அதுவோ அதற்குப் பிந்தியதோ போதும், ஜாசோ குறியீடும் பொருந்துமானால்.

மினரலா சிந்தெற்றிக்கா என்பது இவற்றுக்குப் பிறகு வரும் கேள்வி. சிந்தெற்றிக் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நாளாந்தம் வேலைக்கும் சந்தைக்கும் ஓடும் 100, 125 சிசி வண்டிக்கு, உரிய குறியீடுள்ள மினரல் ஒயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

பார்க்கும் முறை

எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி அளவுகோலைப் பாருங்கள். பல மொடல்களில் அதை முறுக்காமல் வைத்தே அளக்க வேண்டும். இரு கோடுகளுக்கும் இடையில் ஒயில் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டுவதும் கெடுதல். ஒயில் கறுப்பாக இருப்பதால் மட்டும் அது பழுதென்று சொல்ல முடியாது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே கராஜுக்குப் போங்கள்.

வாங்கும்போது மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் விட்டபின் வெறும் கானை வெட்டிவிடுங்கள், யாரும் அதில் போலி ஒயில் நிரப்பி விற்க முடியாது.

கழிவு ஒயில்

இதை வளவுக்குள்ளோ கானுக்குள்ளோ ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் வண்டியிலிருந்து வடிவது ஒரு லீற்றர்தான். ஆனால் எத்தனை வீடுகளில், எத்தனை தடவை? ஒரு போத்தலில் அடைத்து, கழிவு ஒயில் சேகரிக்கும் கராஜில் கொடுங்கள். நான் இப்போது கிளிநொச்சி அண்ணையிடமே கொடுக்கிறேன். அவரிடம் அதற்கென்றே ஒரு பீப்பா இருக்கிறது.