தாது வருஷத்து மண்கரை

பெங்களூர்–மைசூர் ரயில் பாதை 1882இல் மைசூரை எட்டியது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது, அதன் கரைக்கு மண் சுமந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78 பஞ்சம் மைசூர் சீமையையும் சூறையாடியது. அப்போது அந்தச் சீமை ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தது. கேழ்வரகு விளையாமல் ஊரைவிட்டுக் கிளம்பிய குடியானவர்களுக்குப் பஞ்ச நிவாரணமாக இந்தப் பாதையின் மண்வேலை கொடுக்கப்பட்டது. அந்த வேலைக்காகப் போட்ட தற்காலிக முகாம்களில் மண்வெட்டி பிடித்தவர்கள் ரயில்வே வேலையைத் தேடி வந்தவர்கள் அல்லர். மழை பெய்திருந்தால் அந்த மாதங்களில் ஏர் பிடித்திருப்பார்கள். அவர்கள் வாங்கிய காசும் தானியமும் நிவாரணக் கணக்கில் ஏறியதால், அவர்கள் செய்தது உழைப்பு என்பதே மங்கிப்போயிற்று. பெற்றது தருமம் என்றால் எழும்பிய கரை யாருடைய கொடை?

வேலை கொடுத்ததால்தானே பலர் பிழைத்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1864 முதலே ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயில் இருந்தது; பஞ்ச காலத்தில் தானியமும் அவ்வழியே வந்தது. பெங்களூருக்கு அப்பால் மாட்டு வண்டிதான் கதி. மாடுகளோ தீவனமின்றிச் செத்துக்கொண்டிருந்தன. ஆகவே மைசூர்ப் பாதை தேவையற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாதையின் தேவை ஒன்று, பட்டினி கிடந்த உடம்பிடம் மண்வேலை வாங்கியது வேறொன்று. பக்கத்துச் சென்னை மாகாணத்தில், 1877இன் தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியான ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். உழைக்கிற உடம்புக்கு அது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. ஆக, குறைகூலியின் கேடு அரசின் மருத்துவருக்கே அன்று தெரிந்திருந்தது. மெலிந்தவர்களை ஓரிடத்தில் குவித்தால் காலரா பரவும் என்பதும் அக்காலத்தில் அறியாத செய்தியல்ல.

மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1871இல் 50 லட்சத்துக்கு மேல். 1881இல் 42 லட்சத்துக்கும் குறைவு. இந்த இழப்புக்கு நடுவே எழுந்த இந்தப் பாதையின் வரலாற்றை 1877இன் முகாம்களிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும். ராமநகர, மத்தூர், மண்டியா நிலையங்களில் அந்தக் குடியானவர்களின் உழைப்பைச் சொல்லும் கல்வெட்டுகளைத் தென்மேற்கு ரயில்வே நாட்ட வேண்டும்.