சி. விஜயராகவாச்சாரியார்

சேலம் சி. விஜயராகவாச்சாரியார் (ஜூன் 18, 1852 - ஏப்ரல் 19, 1944) இந்திய விடுதலை இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர், வழக்கறிஞர். 1920 இல் நாக்பூரில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். தென்னாட்டுச் சிங்கம் என அழைக்கப்பட்டார்.

இளமைக் காலம்

செங்கல்பட்டு மாவட்டம் பொன்விளைந்த களத்தூரில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1875 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மங்களூரிலும் பின்னர் சேலம் நகராட்சிக் கல்லூரியிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். தாமே சட்டம் பயின்று 1881 இல் சேலத்தில் வழக்கறிஞரானார். இன்றைய நாமக்கல் பகுதியும் அக்காலச் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது.

சேலம் கலவரம்

1882 இல் சேலம் நகராட்சி மன்ற உறுப்பினரானார். அவ்வாண்டில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே அந்நகரில் பெருங்கலவரம் மூண்டது. அதைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து விடுதலை பெற்றார்.

அரசு இவரை நகராட்சி மன்றத்திலிருந்தும் நீக்கியிருந்தது. தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்காமல் நீக்கியது செல்லாது என இந்தியாவுக்கான அரசுச் செயலர் மீது வழக்குத் தொடுத்து வென்றார். இழப்பீடாக 100 ரூபாய் பெற்றார். தொகை சிறிதெனினும், அரசின் ஆணையையும் சட்டத்தின் முன் நிறுத்தலாம் என்பதை இவ்வழக்கு காட்டியது. கலவர வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காகவும் வாதாடினார். அவர்கள் 1884 இல் ரிப்பன் பிரபுவின் ஆட்சிக்காலத்தில் விடுவிக்கப்பட்டனர். இந்நிகழ்வுகளால் இவர் பெயர் நாடெங்கும் பரவியது.

அரசியல் வாழ்வு

காங்கிரசை நிறுவியவர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு நெருக்கமானவர். 1887 இல் காங்கிரசின் அமைப்பு விதிகளை வகுக்கும் குழுவில் இடம்பெற்றார். 1895 முதல் ஆறு ஆண்டுகள் சென்னை சட்ட மேலவையிலும், 1913 முதல் 1916 வரை இந்தியப் பேரரசின் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

நாக்பூர் மாநாட்டில் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் உறுதி செய்யப்பட்டது. நீதிமன்றங்களின் வழியே உரிமைகளை நிலைநாட்டிய விஜயராகவாச்சாரியார் அத்திட்டத்தின் பல கூறுகளை ஏற்கவில்லை. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜியோ காந்தியின் வழியைப் பின்பற்றினார். பின்னர் சைமன் குழுவை எதிர்த்தார். 1931 இல் இந்து மகாசபையின் அகோலா மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். தீண்டாமை ஒழிப்பையும் பெண்களின் சொத்துரிமையையும் ஆதரித்தார்.

மறைவு

1944 இல் தமது 91 ஆம் வயதில் காலமானார். சேலத்தில் இவர் நினைவாக நூலகமும் சொற்பொழிவு அரங்கும் அமைக்கப்பட்டன.