59,000 ரூபாய் கிராபிக்ஸ் கார்டு... கொடுக்கிற காசுக்கு வேகம் இருக்கா? கணக்குப் பார்ப்பது எப்படி?

2025 ஜனவரி 6-ம் தேதி அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த நிகழ்ச்சியில் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங், ஆர்டிஎக்ஸ் 5070 என்ற கிராபிக்ஸ் கார்டை அறிமுகம் செய்தார். விலை 549 டாலர். இந்த விலையில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் வேகம் கிடைக்கும் என்று அவர் சொன்னார். 4090 என்பது 2022-ல் 1,599 டாலருக்கு விற்பனைக்கு வந்த, அப்போதைய உச்சக்கட்ட கார்டு. மூன்றில் ஒரு பங்கு காசுக்கு அதே வேகம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இந்தியாவில் 5070 கார்டுக்கு அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 59,000 ரூபாய். இது கார்டு மட்டும். கம்ப்யூட்டரின் மற்ற பாகங்கள் தனி. கல்லூரிக்குப் போகும் பிள்ளை கேட்கிறானே என்று கடைக்குப் போகும் பெற்றோருக்கு இது சின்னத் தொகை இல்லை. பெட்டியில் போட்டிருப்பதை நம்பிக் காசு கொடுக்கும் முன் சில விஷயங்களைப் புரிந்துகொள்வது நல்லது.

எஃப்பிஎஸ் என்பது என்ன?

கேம் ஓடும்போது திரையில் தெரிவது அடுத்தடுத்து மாறும் படங்கள். ஒரு நொடியில் எத்தனை படங்களை கார்டு வரைகிறது என்பதுதான் எஃப்பிஎஸ். 30 என்றால் ஒரு படத்துக்கு சுமார் 33 மில்லி செகண்ட். 60 என்றால் சுமார் 17 மில்லி செகண்ட். இந்த எண் கூடக்கூட அசைவு வழுக்கிக்கொண்டு போகும், மவுஸை அசைத்ததும் திரையில் உடனே தெரியும்.

ஆனால் சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். சராசரி 90 காட்டும் கார்டு, சண்டைக் காட்சியில் திடீரென 25-க்கு இறங்கினால் அந்த இடத்தில் கேம் திக்கித் திணறும். அதனால்தான் சோதனை செய்பவர்கள் '1 சதவீத லோ' என்ற இன்னொரு எண்ணையும் போடுகிறார்கள். ஓட்டத்தின் மிக மோசமான ஒரு சதவீதத்தில் கார்டு எப்படி இருந்தது என்பதை அது காட்டும். விளம்பரத்தில் இந்த எண்ணைப் பார்ப்பது அபூர்வம்.

அப்போ 4090-க்குச் சமம் என்றது பொய்யா?

பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஏஐ இல்லாமல் இது சாத்தியமில்லை என்று ஹுவாங்கே அதே மேடையில் சொன்னார். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

5070 கார்டில் 'மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன்' என்ற வசதி உண்டு. 2025-ல் வெளிவந்தபோது, கார்டு உண்மையாக ஒரு படம் வரைந்தால், ஏஐ உதவியுடன் மூன்று படங்கள் வரை கூடுதலாக உருவாக்கி இடையில் செருகியது. 40 வரிசை கார்டுகளில் ஒன்றைத்தான் செருக முடியும். ஒன்று நான்காகப் பெருகும் கார்டையும், ஒன்று இரண்டாகப் பெருகும் கார்டையும் பக்கத்தில் வைத்து எஃப்பிஎஸ் எண்ணினால் இரண்டும் நெருங்கி வருவதில் ஆச்சரியம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், செருகப்பட்ட படங்கள் உங்கள் மவுஸ் கிளிக்கை அறியாது. உண்மையில் 30 படங்களே வரையும் இடத்தில் திரை 120 காட்டலாம். கண்ணுக்கு மென்மையாக இருக்கும், கைக்கு அது 30-தான். போதாக்குறைக்கு, இடைப்பட்ட படத்தை உருவாக்க அடுத்த உண்மைப் படம் தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் தாமதம் கொஞ்சம் கூடவே செய்யும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி நொடியில் சுட வேண்டிய கேம்களில் இது உதவாது. கதை சொல்லும் கேம்களில், ஏற்கெனவே 60 எஃப்பிஎஸ் வருகிற இடத்தில் போட்டுப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். குப்பை வசதி இல்லை. அதை வைத்து வேகத்தை அளப்பதுதான் தப்பு.

2025 மார்ச்சில் கார்டு வெளிவந்ததும் இந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதித்தார்கள். 5070, 4090-க்கு வெகு பின்னால் நின்றது. அது நெருக்கமாக வந்தது, அதற்கு ஓராண்டுக்கு முன் 599 டாலருக்கு வந்த 4070 சூப்பருடன். 50 டாலர் குறைவு, வேகம் ஏறக்குறைய அதே. முன்னேற்றம்தான், ஆனால் மேடையில் சொன்ன முன்னேற்றம் இல்லை.

ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை ரூபாய்?

ஆட்டோ மைலேஜ் பார்ப்பது மாதிரி இதற்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு. கார்டின் விலையை சராசரி எஃப்பிஎஸ் எண்ணால் வகுக்க வேண்டும். புரிவதற்காக ஒரு உதாரணம்: 30,000 ரூபாய் கார்டு 75 எஃப்பிஎஸ் தந்தால், ஒரு ஃப்ரேமுக்கு 400 ரூபாய். 45,000 ரூபாய் கார்டு 90 தந்தால் 500 ரூபாய். மலிவான கார்டுதான் லாபம்.

ஆனால் புதிதாக முழு கம்ப்யூட்டரே வாங்குபவருக்கு கணக்கு மாறும். மற்ற பாகங்களுக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கார்டுடன் மொத்தம் 80,000. அதை 75-ஆல் வகுத்தால் 1,067 ரூபாய். இரண்டாவது கார்டுடன் 95,000. 90-ஆல் வகுத்தால் 1,056 ரூபாய். இப்போது விலை கூடிய கார்டு ஒரு பொடிக்கு முந்திவிட்டது! அதாவது, ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருந்து கார்டு மட்டும் மாற்றுபவருக்கும், எல்லாமே புதிதாக வாங்குபவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

இந்தக் கணக்கில் போடும் எஃப்பிஎஸ், ஏஐ ஃப்ரேம் இல்லாமல் அளந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் விளையாடும் கேம்களில், உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனில் அளந்ததாகவும் இருக்க வேண்டும்.

மானிட்டரை மறந்துவிடாதீர்கள்

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம். அதாவது 1080பி-யைப் போல நான்கு மடங்கு வேலை. 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டரில் 59,000 ரூபாய் கார்டைப் போட்டு 150 எஃப்பிஎஸ் வந்தாலும், திரை நொடிக்கு 60 முறைதான் மாறும். மீதிக் காசு பெட்டிக்குள் சூடாகிக்கொண்டிருக்கும். பழைய பிராசஸர் இருந்தாலும் இதே கதைதான். கார்டு தயாராக இருக்கும், பிராசஸர் வேலை கொடுக்காது.

பெயர் ஒன்று, பொருள் வேறு

கடையில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஒரே பெயரில் இரண்டு விதமாக இருக்கிறது. அறிமுகமானபோது 8 ஜிபி மெமரி கொண்டது 379 டாலர், 16 ஜிபி கொண்டது 429 டாலர். சிப் ஒன்றுதான். பல கேம்களில் இரண்டும் ஒரே வேகம் காட்டும். ஆனால் கேமுக்கு 8 ஜிபி பத்தாமல் போகும்போது, மீதித் தகவலை கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும்.

கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் ஓடும். இந்தக் கார்டு எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் வெளியிலிருந்து வரும் பாதை நொடிக்கு சுமார் 8 ஜிபிதான். நான்கு வழிச் சாலையிலிருந்து திடீரென சந்துக்குள் நுழைகிற மாதிரி. அந்த நேரத்தில் கேம் முட்டி முட்டி ஓடும், அல்லது சுவர், மரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். இதில் வேடிக்கை, ஏஐ ஃப்ரேம் வசதிக்கே கொஞ்சம் மெமரி வேண்டும். மூன்று நான்கு வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவர் 50 டாலர் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

ஆர்டிஎக்ஸ் 3050-ல் நிலைமை இன்னும் மோசம். 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. மெமரி மட்டும் குறைவு என்று நினைத்தால் தவறு. 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு, 2,560-க்குப் பதில் 2,304.

லேப்டாப் வாங்குபவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். டெஸ்க்டாப் 5070-ல் 6,144 கோர்கள், 12 ஜிபி மெமரி. லேப்டாப் 5070-ல் 4,608 கோர்கள், 8 ஜிபி. ஸ்டிக்கரில் இருப்பது என்னவோ அதே 5070-தான்.

டாலர் விலை நம்ம ஊரில் ஏன் கூடுகிறது?

அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் விற்பனை வரி சேராது. 549 டாலர் என்பது, அறிவித்த நேரத்து மதிப்பான சுமார் 86 ரூபாய்க்கு, 47,200 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 55,700. மீதி இறக்குமதி, விநியோகச் செலவுகள். எனவே 59,000 என்பது அநியாய விலை இல்லை. அது தொடக்க விலை மட்டுமே என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்று ஃபேன், கலர் லைட் என்று வரும் மாடல்களுக்குப் பல ஆயிரம் கூடும். வேகத்தில் கிடைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

அதே விலைக்கு எதிர்க்கடையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கலாம். 5070 வந்த மறுநாளே, 2025 மார்ச் 6-ல், ஏஎம்டி நிறுவனம் அதே 549 டாலருக்கு 16 ஜிபி மெமரியுடன் ஆர்எக்ஸ் 9070-ஐ விற்பனைக்கு விட்டது. குறைந்த பட்ஜெட்டில் இன்டெல் ஆர்க் பி580 இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்தது, 249 டாலருக்கு 12 ஜிபி. பழைய பிராசஸருடன் போட்டால் மட்டும் அது சற்றுத் தடுமாறும்.

பில் போடும் முன்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், கார்டு விலையோடு எஸ்எம்பிஎஸ் விலையையும் சேர்த்தே கேளுங்கள். 5070 முழு வேகத்தில் 250 வாட்ஸ் வரை எடுக்கும். என்விடியா சொல்வது 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். வீட்டில் இருப்பது கேபினட்டோடு வந்த 450 வாட்ஸ் பெட்டி என்றால் அதையும் மாற்றியாக வேண்டும், அந்தக் காசும் கணக்கில் ஏறும். தினம் மூன்று மணி நேரம் முழு வேகத்தில் விளையாடினால் கார்டு மட்டும் இரண்டு மாதத்தில் 45 யூனிட் இழுக்கும். கரன்ட் பில் ஒரு ஸ்லாப் ஓரத்தில் நிற்கும் வீடுகளில் இது தெரியும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் பாதி விலைக்குக்கூட கிடைக்கும். அதில் கேட்க வேண்டியது ஒரிஜினல் பில், சீரியல் நம்பர், மிச்சமிருக்கும் வாரண்டி. கடைக்காரர் முன்னாலேயே ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கோளாறு உள்ள கார்டு, சூடான பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.