ஒராங்கியின் சந்துகள்

முஸ்லிம் நகரங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் குவிமாடங்களையும் மினாராக்களையும் எழுதுவர். சாக்கடையைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. எகிப்தின் பழைய தலைநகரான புஸ்தாத்தை அகழ்ந்தவர்கள், வீடுகளின் அடியே பாறையில் குடையப்பட்ட கழிவுக் குழிகளைக் கண்டனர். மாளிகைகளின் அலங்காரத்தைவிட அக்குழிகளே அந்நகர மாந்தரின் அன்றாட வாழ்வை நமக்கு அதிகம் உணர்த்துகின்றன என்பது நம் கருத்து. அக்கண்ணோட்டத்துடனேயே நம் காலத்துப் பெருநகர் ஒன்றின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1941இல் கராச்சியின் மக்கள்தொகை 4 லட்சத்துக்குச் சற்று அதிகம். பத்தே ஆண்டுகளில், பிரிவினையின் அகதிகள் வந்து சேர்ந்தபின், அது 10 லட்சத்தைக் கடந்துவிட்டது. உலகின் எந்த நகராட்சியும் இத்தகைய பெருக்கத்தைத் தாங்கியிராது. அய்யூப் கான் ஆட்சி, கிரேக்க நாட்டுக் கட்டடக் கலைஞர் டாக்ஸியாடிஸைக் கொண்டு நகருக்கு வெளியே கோரங்கி முதலிய புறநகர்களை வகுத்தது. 40,000 வீடுகள் கட்டுவதாகத் திட்டம். ஏறத்தாழ 10,000 வீடுகள் எழும்பிய நிலையில் 1964இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. குடியேறிய ஏழைகளால் தவணை கட்ட இயலவில்லை. வேலையோ தொலைவில் இருந்தது.

அரசு விட்ட இடத்தைத் தரகர்கள் பிடித்துக்கொண்டனர். நகரின் வடமேற்கே குன்றுகள் சூழ்ந்த ஒராங்கியில் 1965 முதல் அரசுப் புறம்போக்கு நிலம் மனைகளாகக் கூறுபோட்டு விற்கப்பட்டது. தரகரின் வேலையில் ஓர் ஒழுங்கு இருந்ததை மறுப்பதற்கில்லை. கயிறு பிடித்து நேரான சந்துகளை வகுத்தார். பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடம் விட்டார். காவலர்க்கும் அதிகாரிகட்கும் உரியதைக் கொடுத்து மனைகளைக் காத்தார். சிமெண்ட் கல் அறுக்கும் களத்துக்காரர் கல்லையும் கூரைத் தகட்டையும் கடனாகத் தந்தார். 1971க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த பீகாரிகளும் இங்கேயே குடியேறினர். நிலமும் வீடும் இவ்வாறு கிடைத்தன. தரகராலும் களத்துக்காரராலும் தர முடியாதது சாக்கடை. எடுப்புக் கழிப்பிடங்களும் நிரம்பி வழியும் உறிஞ்சுகுழிகளுமாக இருந்த சந்துகளில், நோய் தீராது சுற்றி வந்தது.

இந்நிலையில்தான் 1980இல், வங்கியாளர் ஆகா ஹசன் ஆபிதியின் அழைப்பை ஏற்று, அக்தர் ஹமீத் கான் ஒராங்கிக்கு வந்தார். 1914இல் பிறந்த இவர் ஆங்கிலேயர் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். வங்கப் பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டபின் 1945இல் அப்பதவியைத் துறந்து, அலிகார் அருகே ஒரு சிற்றூரில் பூட்டுத் தொழிலாளியாக வாழ்ந்து பார்த்தார். பின்னர் கொமில்லாவில் 1959 முதல் அவர் நடத்திய கிராம வளர்ச்சிப் பணி உலகப் புகழ் பெற்றது. ஒராங்கிக்கு வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நிதி கையில் இருந்தும் அவர் எதையும் வழங்கவில்லை. மாதக்கணக்கில் சந்துகளில் நடந்து, மக்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மக்கள் சொன்னது ஒன்றே: சாக்கடை அரசின் பொறுப்பு, அரசே இலவசமாகப் போடட்டும். ஹமீத் கான் இதை முதல் தடை எனக் கணித்தார். அரசு ஒப்பந்தக்காரரின் விலையோ ஏழைக்கு எட்டாதது. தாமே போடலாமென்றால் தொழில்நுட்பம் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றுகூடும் அமைப்பு இல்லை. நான்கு முடிச்சுகளையும் ஒருசேர அவிழ்க்க அவர் தேர்ந்த அலகு சந்து. 20 முதல் 30 வீடுகள் எதிரெதிரே நிற்கும் சந்தில் ஒருவரையொருவர் அறியாதார் இல்லை. ஊர் முழுவதற்கும் சங்கம் அமைத்திருந்தால் அரசியல் புகுந்திருக்கும். அன்றாடம் சலாம் சொல்லிக்கொள்ளும் அண்டை வீட்டாரிடம் கணக்கில் ஏமாற்றுவது எளிதன்று.

சந்தினர் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்து பணம் திரட்டினர். ஒராங்கி முன்னோடித் திட்டத்தார் அப்பணத்தைத் தொடுவதில்லை என்பது விதி. அவர்கள் மட்டம் பார்த்து, வரைபடமும் மதிப்பீடும் தந்து, கருவிகளை இரவல் கொடுத்தனர். ஆளிறங்கு குழிகளுக்கான இரும்பு அச்சுகளையும் அவ்வாறே தந்து வாங்கிக்கொண்டனர். 1981இல் தொடங்கிய முதல் வேலைகள் தரக்குறைவாகவே அமைந்தன. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு ஆற வைக்கவேண்டும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. கொத்தர்களுக்குப் பயிற்சி அளித்தபின் நிலைமை சீரடைந்தது. ஒரு வீட்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாயில் கழிப்பிடமும் புதைசாக்கடையும் அமைந்தன. அரசுச் செலவோ அதைப்போல் பல மடங்கு. 1986 டிசம்பரில் கஸ்பா, அலிகார் காலனிகளில் நிகழ்ந்த இனப் படுகொலை ஒராங்கியை உலுக்கியது. எனினும் சாக்கடைப் பணி நின்றுவிடவில்லை. காலப்போக்கில் 90,000க்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு தம் சொந்தச் செலவில் இணைந்தன.

இதைக் கொண்டு அரசு தேவையில்லை என வாதிடுவோர் உளர். ஹமீத் கானின் கூற்றை அவர்கள் பாதியே படித்தவர்கள் என்போம். வீட்டுக் கழிப்பிடம், சந்துச் சாக்கடை, அவற்றைச் சேர்க்கும் இடைச் சாக்கடை ஆகியவை மக்கள் பொறுப்பு. பெருஞ்சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு என்பதே அவர் வகுத்த பாகுபாடு. முதற்பாதியை மக்கள் செய்து முடித்தனர். மறுபாதி பெரிதும் நிறைவேறவில்லை. ஒராங்கியின் கழிவுநீர், நாலா என வழங்கும் இயற்கை ஓடைகளில் விழுந்து, சுத்திகரிக்கப்படாமலே கடல் நோக்கிச் சென்றது. அந்த ஓடைகளையே மூடிய பெருஞ்சாக்கடைகளாக மாற்றலாம் எனத் திட்டத்தார் வரைபடங்களுடன் காட்டினர். கோரங்கியின் கழிவுநீருக்கென ஆசிய வளர்ச்சி வங்கியிடம் வாங்கவிருந்த கடனுக்கு எதிராகவும் இத்தகைய மலிவான மாற்றையே அவர்கள் முன்வைத்தனர். 1999இல் சிந்து மாகாண ஆளுநர் அக்கடனை ரத்துச் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஹமீத் கான் காலமானார்.

வரைபடம் வரைவது அவ்வளவு ஆபத்தான தொழிலா என வாசகர் வியக்கலாம். 1980களின் தொடக்கத்தில் இளம் கட்டடக் கலைஞராக இத்திட்டத்தில் சேர்ந்து பின் அதன் இயக்குநரான பர்வீன் ரஹ்மான், நகர விளிம்பிலிருந்த பழங்கிராமங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஆவணப்படுத்தி, அங்கு வாழ்வோர்க்கு நில உரிமை கோரினார். குழாயிலிருந்து தண்ணீரைத் திருடி லாரிகளில் விற்போரின் இடங்களையும் வரைபடத்தில் குறித்தார். 2013 மார்ச் 13 அன்று, வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் ஐவரைத் தண்டித்தது. 2022 நவம்பரில் சிந்து உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

2020 ஆகஸ்டில் பெருமழை கராச்சியை மூழ்கடித்தது. ஓடைகளை அடைத்த குப்பையும் மண்ணும் அகற்றப்படாமையைப் பலர் சுட்டிக்காட்டினர். ஆனால் முதல் நடவடிக்கை ஓடைக்கரைக் குடியிருப்புகள் மீதே பாய்ந்தது. 2021இல் குஜ்ஜர் ஓடையோரமும் ஒராங்கி ஓடையோரமும் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. இடிபட்டவற்றுள் குத்தகைப் பத்திரம் பெற்ற வீடுகளும் இருந்தன.