ப்ளூரோடெசிஸ்

நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளியை ஒட்டி மூடும் சிகிச்சை. ‘ப்ளூரா’ கிரேக்கத்தில் விலாவைக் குறிக்கும். ‘டெசிஸ்’ என்றால் பிணைத்தல். தமிழில் ‘நுரையீரல் உறை ஒட்டு’ எனலாம்.

நுரையீரலுக்கு இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. ஒன்று நுரையீரலையும் மற்றது நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும். நடுவே சிறிதளவு நீர் மட்டுமே இருக்கும். புற்றுநோயால் அங்கே நீர் கோத்தாலோ, நுரையீரல் பொத்துக் காற்று புகுந்தாலோ மூச்சு முட்டும். வைத்தியர்கள் குழாய் வைத்து அந்த நீரையோ காற்றையோ வெளியேற்றுவார்கள். மீண்டும் மீண்டும் சேர்ந்தால் டால்க் தூளை உள்ளே செலுத்துவார்கள். அது உறைகளை அழற்சியடையச் செய்யும். அழற்சி ஆறும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

டால்க் முறைக்கு வழிகாட்டியவர் நோர்மன் பெத்யூன். 1890இல் ஒன்ராறியோவில் பிறந்து, 1916இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். காசநோயால் தாமே துன்பப்பட்டவர். மொன்றியலில் பணியாற்றியபோது, நுரையீரலின் ஒரு பகுதியை அகற்றுவதற்கு முன்னேற்பாடாக அயடின் கலந்த டால்க்கைத் தூவி உறைகளை ஒட்டவைத்தார். 1935இல் அதை ‘பூத்ராஜ்’ என்ற பெயரில் வெளியிட்டார். தூள் தூவுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. அவரது சிலை ரொறன்ரோ பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.

சிகிச்சைக்குப் பின் நெஞ்சுவலியும் காய்ச்சலும் வரலாம். நுரையீரல் முழுதாக விரியாவிட்டால் ஒட்டு பிடிக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே நீர் வடிக்கும் நிலைக்குழாய் பொருத்துவதுண்டு. இந்த ஒட்டு புற்றுநோயைக் குணமாக்காது, மூச்சுத்திணறலைத் தணிக்கும். வீட்டில் ஒருவருக்கு வைத்தியர் இதைப் பரிந்துரைத்தால், ஒட்டு, நிலைக்குழாய் இரண்டில் எது பொருந்தும் என்று தயங்காமல் கேளுங்கள்.